காடும் அழைத்தது, கடமையும் அழைத்தது

"இப்பாட்டின் மையக்கருத்து யாது?" என்று கேட்கிறது தேர்வுத்தாள். "கடமையே பெரிது" என்று எழுதுகிறான் மாணவன். மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. கரும்பைப் பிழிந்தாயிற்று, சாற்றை வடித்தாயிற்று; சக்கையை எறிவதுபோல் பாட்டை எறிந்துவிடுகிறோம்.

ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஆண்டுதோறும் இந்தக் காட்சியைக் காண்கிறேன். ஆனால் இது பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடும் பழக்கமன்று. மேடையில் முழங்கும் தோழரிடமும் இது உண்டு. படிப்பகத்தில் ஏடு புரட்டும் இளைஞரிடமும் உண்டு. பாட்டு என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்கிறோம். சொல்லும்போது அது நம்மை என்ன செய்தது என்று கேட்பதில்லை. உணர்வு சுவைஞர்க்கு, பொருள் செயல்வீரர்க்கு என்று பாகப்பிரிவினை செய்து கொள்கிறோம். இந்தப் பாகப்பிரிவினை செல்லாது என்பதற்கு ஓர் அமெரிக்கப் பாட்டைச் சான்றாக உங்கள் முன் வைக்கிறேன்.

இராபர்ட் பிராஸ்ட் 1874 இல் பிறந்து 1963 இல் மறைந்த கவிஞர். பண்ணை வைத்து உழைத்தவர். பள்ளியிலே பாடம் சொன்னவர். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ இங்கிலாந்து மண்ணையும் அதன் மக்களையும் பாடியவர். பனி பெய்யும் மாலையிலே ஒரு காட்டின் ஓரமாக நின்றதைப் பற்றிய அவருடைய பாட்டு, 1923 இல் 'நியூ ரிபப்ளிக்' என்னும் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டு 'நியூ ஹாம்ப்ஷயர்' என்ற தொகுப்பிலும் இடம் பெற்றது. அத்தொகுப்பு 1924 இல் புலிட்சர் பரிசு பெற்றது. பாட்டுக்கு மொத்தம் 16 அடிகளே. தம்மை உலகம் நினைவில் வைத்துக் கொள்ளுமானால் அதற்கு இப்பாட்டே சிறந்த பிடி என்று கவிஞரே நண்பர் ஒருவருக்கு எழுதினார்.

பாட்டில் நடப்பது மிகச் சிறியது. குதிரையோடு பயணம் போகும் ஒருவன் வழியில் ஒரு காட்டருகே நிற்கிறான். பனி பெய்து காடு நிறைவதைப் பார்க்கிறான். காட்டுக்கு உரியவர் அங்கே இல்லை. அவர் வீடு ஊருக்குள் இருக்கிறது. குதிரைக்கு இந்த நிறுத்தம் விளங்கவில்லை. மணியை அசைத்து வினவுகிறது. காட்டின் அழகு அவனைப் பிடித்து நிறுத்துகிறது. ஆயினும் கொடுத்த வாக்கு இருக்கிறது. உறங்குமுன் கடக்க வேண்டிய தொலைவும் இருக்கிறது. அவ்வளவே கதை.

இங்கே 'பனி' என்ற சொல்லைக் கொஞ்சம் துலக்கிக் கொள்ள வேண்டும். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி. வெயில் ஏறினால் மறைந்துவிடும் விருந்தாளி. பிராஸ்ட் காட்டும் பனி அதுவன்று. வானத்திலிருந்து துகள் துகளாக உதிர்ந்து, கிளையிலும் தரையிலும் படிந்து உறைந்துவிடும் வெண்பனி. மழைக்கு ஓசை உண்டு, வெண்பனிக்கு இல்லை. ஆண்டிலேயே மிக இருண்ட மாலை என்று கவிஞர் காலத்தையும் குறிக்கிறார். டிசம்பர் 21, 22 ஆம் நாள்களில் அந்த வடபுலத்திலே மாலை நாலரை மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுவான். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் உறைந்த ஏரி, மேலே இருள், எங்கும் வெண்மை. இதுதான் களம்.

களத்தையும் காலத்தையும் சொல்லிவிட்டால் உணர்வைச் சொன்னதில் பாதி முடிந்தது என்பது தமிழன் அறியாத இலக்கணமா? நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். ஒழுக்கத்தை, உள்ளத்து உணர்வை உரிப்பொருள் என்றார். அதுமட்டுமன்று. உணர்வு மெய்யிலே புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெவற்றால் பிறக்கும் என்று காரணத்தையும் பட்டியலிட்டார். 'ஏதோ ஒரு சுவை, சொல்ல முடியாத இன்பம்' என்று கைவிரிக்கவில்லை. உணர்வுக்கும் காரணம் உண்டு. காரணத்தை ஆராயலாம் என்பது அவர் துணிவு. அந்த அளவுகோலை இப்பாட்டின்மீது வைத்துப் பார்ப்போம்.

மருட்கை என்னும் வியப்பு நான்கினால் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஆக்கமாவது ஒன்று மற்றொன்றாக மாறி வருதல். கண்முன்னே காடு வெண்மையாக மாறிக்கொண்டிருக்கிறது. அவன் பார்ப்பது பனி மூடிய காட்டை அன்று. பனி மூடிக்கொண்டிருக்கும் காட்டை. முடிந்த காட்சியாக இருந்தால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடலாம். நடந்துகொண்டிருக்கும் மாற்றம் அல்லவா நம்மை இன்னும் கொஞ்சம் நில் என்கிறது! பயணி நின்றதற்குப் பாட்டு காரணம் கூறவில்லை. ஆனால் காரணம் காட்சியிலேயே இருக்கிறது.

அச்சம் பிறக்கும் இடங்களும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. இருண்ட காடு, ஆளரவமற்ற இடம், நீண்ட இரவு. அச்சத்துக்கு உரிய மேடை அமைந்தே இருக்கிறது. ஆனால் பாருங்கள்: பேய் இல்லை, புலி இல்லை, திருடனும் இல்லை. வேறு கவிஞர் கையில் இந்தக் களம் கிடைத்திருந்தால் ஒரு மோகினியாவது மரத்தில் தொங்கியிருப்பாள்! நான்கில் எஞ்சியது 'இறை' ஒன்றே. அதன் நிழல் மட்டும் முதல் நான்கு அடிகளில் விழுகிறது. காட்டின் சொந்தக்காரர் பார்க்கமாட்டார் என்று பயணி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறானே, அதுதான்.

ஏன் அந்த நினைவு? அவன் ஒரு மரத்தையும் வெட்டவில்லை. ஒரு சுள்ளியையும் ஒடிக்கவில்லை. பார்க்கிறான், பார்க்க மட்டுமே செய்கிறான். ஆயினும் உரிமையாளர் நினைவு வருகிறது. வேலையின்றி நிற்பவனை உலகம் ஐயத்தோடு பார்க்கும்; பிறர் சொத்தருகே நிற்பவனை இருமடங்கு ஐயத்தோடு பார்க்கும். அந்தக் கூச்சம் ஓர் உழைப்பாளியின் நெஞ்சில் எவ்வளவு ஆழத்தில் ஊறியிருக்கிறது என்பதை ஒரு வெறுப்புச் சொல்லும் இல்லாமல் கவிஞர் காட்டிவிடுகிறார். காடு ஒருவருக்குச் சொந்தம். அதன் அழகு நின்று பார்த்தவனுக்குக் கிடைத்தது. பத்திரம் வைத்திருப்பவர் ஊரிலே அடுப்பருகே இருக்கிறார் போலும்!

இந்தப் பாட்டுக்கே பிற்காலத்தில் அந்தக் காட்டின் நிலை வந்தது. எரிக் விட்டாக்கர் என்னும் அமெரிக்க இசையமைப்பாளர் இப்பாட்டுக்குக் கூட்டிசை அமைத்தார். பதிப்புரிமை பெற்றோர் இசைவு தரவில்லை. அவர் என்ன செய்தார்? இசையை வைத்துக்கொண்டு, சார்லஸ் அந்தோணி சில்வெஸ்திரி என்ற கவிஞரிடம் அதே அளவுக்குப் புதுப்பாட்டு எழுதி வாங்கினார். 'உறக்கம்' என்ற பெயரில் அது இன்றும் பாடப்படுகிறது. பிராஸ்ட் பாட்டின் மீதிருந்த உரிமைக்காலம் அமெரிக்காவில் 2018 ஆம் ஆண்டோடு முடிந்தது. 2019 சனவரி 1 முதல் அங்கே அது பொதுச்சொத்து. காட்டைப் பார்க்க இப்போது யாரும் உரிமையாளர் முகத்தை எண்ணத் தேவையில்லை.

அடுத்து, குதிரை. பாட்டிலே பகுத்தறிவுவாதி யார் என்று கேட்டால் பலர் குதிரையைத்தான் காட்டுவர். அருகில் பண்ணைவீடு இல்லை, தீனி இல்லை, கொட்டில் இல்லை. பின் ஏன் நிற்க வேண்டும் என்று அது கேட்கிறது. சரியான கேள்வி, ஆனால் முழுமையான கேள்வியன்று. பயன் இருந்தால் நில், இல்லையேல் நட என்பது குதிரையின் கணக்கு. பயன் கருதாமலும் ஒன்றைப் பார்க்கலாம், பார்த்து மகிழலாம், மகிழ்ந்தபின் கிளம்பலாம் என்பது மனிதனின் கணக்கு. பகுத்தறிவு என்பது இந்த மகிழ்ச்சியை வெட்டி எறிவது என்று கருதுகிறவர், மனிதனைக் குதிரையின் நிலைக்குத் தாழ்த்துகிறார். ஆனால் குதிரையைப் பழிக்கவும் கூடாது. அது மணியை அசைத்திராவிட்டால் அவன் இன்னும் எவ்வளவு நேரம் நின்றிருப்பானோ! மயக்கத்திலே கேட்ட முதல் ஓசை அந்த மணியோசை. அதை விட்டால் அங்கே கேட்பது காற்றும் பனியும் செய்யும் மெல்லிய அரவம் மட்டுமே.

இப்போது பாட்டின் கட்டடத்தைப் பார்ப்போம். உணர்வு எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்குப் பாதி விடை அங்கே இருக்கிறது. நான்கு நான்கடிப் பாட்டுகள். ஒவ்வோர் அடியும் எட்டு அசை. ஒன்று மெலிந்து ஒன்று அழுந்தும் சீரான நடை. ஒவ்வொரு பாட்டிலும் முதல், இரண்டு, நான்காம் அடிகள் ஒரே இயைபில் முடிகின்றன. மூன்றாம் அடி மட்டும் விலகி நிற்கிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நமக்கு அறிமுகம் செய்த உமர் கய்யாமின் பாரசீக நாலடிப் பாட்டுக்கு இதுவே அமைப்பு. பிட்ஸ்ஜெரால்டு 1859 இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். பிராஸ்ட் அதோடு நிற்கவில்லை. விலகி நின்ற மூன்றாம் அடியின் ஓசையை எடுத்து, அடுத்த பாட்டின் இயைபாக ஆக்கினார். நம் அந்தாதியில் ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாவதுபோல, இங்கே ஓர் ஓசை அடுத்ததற்குக் கை கொடுக்கிறது. ஓசை அந்தாதி என்று சொல்லலாம். ஒவ்வொரு பாட்டும் இன்னும் ஒரு பாட்டு வரும் என்று உறுதி சொல்லிவிட்டு முடிகிறது. நிற்பவன் நிற்கிறான், பாட்டோ அவனை முன்னே இழுத்துக்கொண்டே இருக்கிறது!

இந்தச் சங்கிலியை எப்படி முடிப்பது? கடைசிப் பாட்டின் மூன்றாம் அடியும் விலகி நின்றால் ஐந்தாம் பாட்டுக்குக் கதவு திறந்துவிடும். பிராஸ்ட் அந்த அடியையே திரும்பச் சொல்லி முடித்தார். அதனால் நான்கடியும் ஒரே இயைபில் அடைந்தன. வேறு வழிகளையும் எண்ணிப் பார்த்ததாகவும், திரும்பச் சொல்வதுதான் முறையான முடிவாகப் பட்டதாகவும் அவரே கடிதத்தில் விளக்கியிருக்கிறார். நெஞ்சைத் தாலாட்டும் அந்தக் கடைசி அடியின் மாயம், ஒரு தச்சன் மூட்டுக்கு ஆப்பு வைக்கும் வேலையாகத் தொடங்கியது என்று அறியும்போது சிலருக்கு ஏமாற்றம் வரலாம். எனக்கு வியப்பு கூடுகிறது.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் களைந்துவிட வேண்டும். 1922 சூன் மாதத்தில், வெர்மாண்ட் மாநிலத்தில் தம் வீட்டிலே, இரவு முழுதும் வேறொரு நெடும்பாட்டில் உழன்றுவிட்டு விடியலைப் பார்க்க வெளியே வந்தவர், திடுமென இப்பாட்டைத் தடையின்றி எழுதினார் என்பது அவரே பலமுறை சொன்ன செய்தி. நடுக்கோடையில் பிறந்தது இந்தப் பனிப்பாட்டு! இதைக் கேட்டு, "பார்த்தீர்களா, கவிதை மேலிருந்து அருளப்படுவது" என்று கைகூப்புவோர் உண்டு. ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் நகரில் ஜோன்ஸ் நூலகத்தில் இருக்கும் கையெழுத்துப் படியைப் பாருங்கள்: அடித்தலும் திருத்தலும் அதில் உள்ளன. விரைவாக எழுதியிருக்கலாம், ஆனால் உழைத்து எழுதினார். பல்லாண்டு பயின்ற கை ஒரு காலைப்பொழுதில் விரைந்து ஓடுவது அருளன்று, பயிற்சி.

இனிப் பொருளுக்கு வருவோம். இப்பாட்டுக்கு இரண்டு பெரும் விளக்கங்கள் உலவுகின்றன. முதலாவது, சாவு விளக்கம். 1958 இல் ஜான் சியார்டி என்னும் திறனாய்வாளர் 'சாட்டர்டே ரிவியூ' இதழில், இருண்ட காட்டின் அழைப்பிலும் இறுதி உறக்கத்திலும் சாவை நாடும் மனத்தைக் கண்டு எழுதினார். அவர் அறிவிலி அல்லர். உறக்கமும் இருளும் பாட்டிலே உள்ளன. மீண்டும் வரும் அடி கண்ணைச் செருக வைக்கிறது. ஆனால் பிராஸ்ட் இதை ஏற்கவில்லை. இது சாவுப் பாட்டாக இருந்திருந்தால், 'இதெல்லாம் அழகுதான், ஆனால் நான் மோட்சத்துக்குக் கிளம்ப வேண்டும்' என்றல்லவா பாடியிருப்பேன் என்று நகைத்தார். கவிஞர் மறுத்தார் என்பதற்காக நாம் மறுக்க வேண்டியதில்லை. கவிஞர் வாக்கும் வேதவாக்கன்று. சான்றைக் கேட்போம். பயணிக்குத் துயரம் உண்டா? பாட்டில் இல்லை. வாழ்வில் வெறுப்பு? இல்லை. நிழல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நிழலைப் பிணம் என்று கூறுவதற்குச் சான்று போதாது.

இரண்டாவது, கடமை விளக்கம். தேர்வுத்தாளின் விளக்கமும் இதுவே. 1964 மே 27 இல் மறைந்த நேரு, இப்பாட்டின் கடைசி நான்கு அடிகளைத் தம் கைப்பட எழுதி அருகே வைத்திருந்தார் என்பது நாடறிந்த செய்தி. அதன்பின் நம் நாட்டு மேடைகளில் அந்தத் தொலைவும் அந்த வாக்கும் எத்தனை முறை முழங்கியிருக்கும்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நேரு எழுதி வைத்த நான்கு அடிகளில் முதல் அடி காட்டின் அழகைச் சொல்வது. மேடையில் முழங்குவோர் அதை விட்டுவிடுகிறார்கள். வாக்கும் தொலைவும் மட்டுமே அவர்களுக்குப் போதும். காட்டை வெட்டிவிட்டுக் கடமையை மட்டும் நட்டு வைக்கிறார்கள்.

காட்டை வெட்டினால் என்ன ஆகும்? அந்த அடியில் ஒரு காற்புள்ளி படுத்திய பாட்டைப் பாருங்கள். காட்டுக்குக் கவிஞர் மூன்று அடைகள் தருகிறார்: அழகு, இருள், ஆழம். பிராஸ்ட் வெளியிட்ட வடிவில் அழகுக்குப் பின் மட்டுமே காற்புள்ளி. இருளும் ஆழமும் இணைந்து நிற்கும். அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1969 இல் எட்வர்டு கானரி லேதம் வெளியிட்ட பதிப்பு, இருளுக்குப் பின்னும் ஒரு காற்புள்ளி இட்டது. புள்ளி ஒன்றுதான், பொருள் மாறிவிட்டது. புதிய வடிவில் அவை மூன்று தனிப் பண்புகள், கடைச்சரக்குப் பட்டியல்போல. பழைய வடிவிலோ இருளும் ஆழமுமே அழகின் விளக்கம்: இருண்டு ஆழ்ந்திருப்பதால் அழகு. அதாவது, அவனை ஈர்ப்பது ஊறு தராத ஓவிய அழகு அன்று. உள்ளே இழுத்துக்கொள்ளும் அழகு. ஒரு காற்புள்ளிக்கு இவ்வளவு வலிமை உண்டென்றால், உணர்வு வேறு பொருள் வேறு என்று எப்படிப் பிரிப்பது?

அந்த ஈர்ப்பு உண்மையாக இருப்பதால்தான் வாக்குக்கு எடை வருகிறது. பாட்டு முழுவதும் சிறுசிறு சொற்கள். ஓரசை, ஈரசைக்கு மேற்படாதவை. அடியின் ஓசையில் மூன்று அசையாக ஒலிக்கும் சொல் ஒன்றே ஒன்று: வாக்குறுதிகள் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல். வழுக்கிக்கொண்டு போகும் நாக்கு அந்த இடத்தில் சற்றே நின்று எழ வேண்டியிருக்கிறது. பனி மெத்தையில் புதைந்த கால் கல்லில் பட்டதுபோல. யாருக்குக் கொடுத்த வாக்கு என்று பாட்டு சொல்லவில்லை. மனைவிக்கா, மக்களுக்கா, கடன் கொடுத்தவர்க்கா, தன் நெஞ்சுக்கா? தெரியாது. கடவுள் பெயரும் பாட்டில் எங்கும் இல்லை. அதற்காக இதை நாத்திகப் பாட்டு என்று நாம் முத்திரை குத்தினால், சாவு முத்திரை குத்தியவர் செய்த வேலையைத்தான் நாமும் செய்தவர் ஆவோம். இருப்பதைக் காண்போம், இல்லாததை ஏற்ற வேண்டாம்.

இருப்பது இது: காடும் அழைத்தது, கடமையும் அழைத்தது, இரண்டு அழைப்பையும் ஒருவன் முழுமையாகக் கேட்டான். கிளம்பிவிட்டான் என்றுகூடப் பாட்டு சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கடிவாளத்தை அசைக்கவில்லை, சக்கரமோ குளம்போ நகர்ந்த ஓசை இல்லை. போக வேண்டும் என்கிறான். மீண்டும் போக வேண்டும் என்கிறான். முதல் முறை அது கணக்கு: இன்னும் இவ்வளவு தொலைவு. இரண்டாம் முறை அது களைப்பு, அல்லது உறுதி, அல்லது இரண்டும். எது என்று முடிவு செய்ய வேண்டியவர் படிக்கும் நீங்கள்.

தோழர்களே! பொதுவாழ்வில் இறங்கியவனுக்கு இசை எதற்கு, ஓவியம் எதற்கு, நிலா எதற்கு என்று கேட்கும் கடுமை நம்மிடையே சில நேரம் தலைதூக்குகிறது. அழகை அறியாதவன் அழகைத் துறந்தேன் என்று சொல்வதில் என்ன பெருமை இருக்கிறது? பசியில்லாதவன் இருக்கும் பட்டினி நோன்பாகுமா? காட்டின் அருகே ஒரு கணம் நின்று, அதன் இருளையும் ஆழத்தையும் கண் நிறையக் கண்டு, பிறகும் வாக்கை மறவாதவன் எவனோ, அவன் நடையில்தான் கடமைக்குப் பொருள் உண்டு. மற்றவன் நடப்பது வண்டியிலே பூட்டிய குதிரையின் நடை.

எனவே, அடுத்த முறை ஒருவர் பாட்டை நீட்டி, "இதன் மையக்கருத்து என்ன?" என்று கேட்டால் விடை சொல்ல விரையாதீர்கள். "முதலில் முழுதும் படியுங்கள், வாய்விட்டுப் படியுங்கள், எந்த இடத்தில் உங்கள் குரல் தாழ்ந்தது என்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். குரல் தாழ்ந்த இடத்தில்தான் பொருள் இருக்கும்.